கூரையும் காரும்



ஹைதராபாத்தின் பாலாநகர், தகடும் கடைசல் இயந்திரமும் ஓயாது ஒலிக்கும் தொழிற்பகுதி. அதனை அடுத்த சனத்நகரில் 1942-ஆம் ஆண்டு ஆல்வின் உலோகத் தொழிற்சாலை தோன்றிற்று. பின்னாளில் அது பேருந்துகளுக்கு மேற்கூடு கட்டிப் பெயர் பெற்றது. 1968-இல் மத்திய அரசு பாலாநகரில் கருவி வடிவமைப்பு நிலையம் ஒன்றை நிறுவிற்று. இத்தகைய இடத்தில் பணிபுரியும் நம்மவர் நெஞ்சில் இயல்பாக எழக்கூடிய வினா ஒன்று உண்டு. விலையுயர்ந்த மூடிய காரின் கூரையை அறுத்து அதனைத் திறந்த காராக்க இயலுமா?

முற்காலத்தில் இது பெருஞ்செயலன்று. அந்நாளில் அடிச்சட்டம் வேறு, மேற்கூடு வேறு. பளுவைச் சுமந்தது சட்டமே. மேற்கூடு கட்டியவர்கள் குதிரை வண்டித் தச்சரின் வழிவந்தோர். சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்சன் கம்பெனி கோச்சு வண்டி கட்டிய நிறுவனமே. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் விரும்பிக் கேட்ட ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு மேற்கூடு கட்டியது இலண்டன் பார்க்கர் கம்பெனி. கார் வந்து சேருமுன்பே, 1911-இல், நிஜாம் மறைந்தார். அரியணை போன்ற உயர்ந்த ஆசனம் கொண்ட அந்த மஞ்சள் நிறக் கார் சௌமஹல்லா அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்டா தனிச்சட்டத்தைக் கைவிட்டு, கூட்டையே பளு தாங்கச் செய்தது. பின்னர் இம்முறை உலகெங்கும் பரவ, மூடிய கார்களில் கூரையும் பளு தாங்கும் உறுப்பாயிற்று. மூடியை ஒட்டிய அட்டைப் பெட்டியைத் திருகிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியை அகற்றித் திருகுங்கள், உடனே நெளியும். காரின் நிலையும் இதுவே.

இதற்கு நல்ல சான்று ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். கார். கவிழும் விபத்துகளுக்கு அஞ்சி அமெரிக்கா திறந்த கார்களைத் தடைசெய்யும் என்று கருதப்பட்ட காலத்தில், 1975-இல், அது மூடிய காராகவே வெளிவந்தது. தடை வரவில்லை, திறந்த காருக்கு விருப்பமோ குறையவில்லை. ஆகவே 1980-களின் பிற்பகுதியில் சின்சினாட்டி நகரின் ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் கம்பெனி, முழுமையாக முடிந்த ஜாகுவார் கார்களின் கூரையை அறுத்து மாற்றிக் கொடுத்தது. அதிபர் கென்னடியின் 1961-ஆம் ஆண்டு லிங்கன் காரைத் திருத்தியமைத்ததும் இக்கம்பெனியே. 1988-இல் ஜாகுவார் தானே முழுத்திறப்புக் காரை வெளியிட்டது. 2008-இல் ஜாகுவாரை நம் நாட்டு டாட்டா நிறுவனம் வாங்கிற்று.

இவ்வகை வேலையில் அறுப்பது எளிது, ஈடுசெய்வதே அரிது. கதவின் கீழுள்ள பக்கச்சட்டங்களையும் தளத்தையும் முன்கண்ணாடித் தூண்களையும் வலுப்படுத்தல் வேண்டும். இல்லையேல் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுகும், கதவு சரியாக மூடாது. கவிழ்ந்தால் உயிருக்கே கேடு. கூரையை இழந்த கார் பெரும்பாலும் முன்னிலும் எடை கூடுவதன் காரணம் இதுவே.

நம் நாட்டில் சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது; 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. எனவே கைத்திறன் மிக்க நம் இளைஞர், வெட்டும் கருவியை எடுக்குமுன் அந்தக் கூரை எதைத் தாங்கி நிற்கிறது என்று கணக்கிடுவாராக. அக்கணக்கை அறிந்தவனே தொழிலறிந்தவன்.