ரப்பர்க் கிண்ணமும் நான்கு சக்கரங்களும்

ஓடுகின்ற வண்டியை ஓட்டுவதினும், வேண்டிய இடத்தில் அதனை நிறுத்துவதே அரிது. மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினையும் வேகத்தையும் விரித்துப் பேசுவர். பிரேக்கைப் பற்றி ஓரிரு வரிகளில் முடித்துவிடுவர். ஆயினும் பிரேக்கின் வரலாறு ஆராயத் தக்கது. மனித அறிவு ஒரு பெரிய நன்மையைக் கண்டடைந்து, அந்நன்மைக்குள்ளேயே ஒளிந்திருந்த தீங்கை நெடுநாள் கழித்து உணர்ந்த வரலாறு அது. பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் ஒழுகும் மாஸ்டர் சிலிண்டரைத் தம் கையாலேயே மாற்ற முற்படுவோர்க்கு இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்கன்று; உயிர்க் காப்பாகும்.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் பிரேக்கு பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இருந்தது. மிதிகட்டையை அழுத்தினால், அதனுடன் பிணைத்த இரும்புக் கோல்களோ கம்பிக் கயிறுகளோ பிரேக்கை இழுக்கும். நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையை விரித்தபோது தொல்லை மிகுந்தது. நான்கு கயிறுகளையும் ஒரே இறுக்கத்தில் வைத்திருத்தல் எளிதன்று. ஒரு சக்கரம் முன்னே பிடிக்க, மற்றொன்று பின்னே பிடிக்க, வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும்.

இத்தொல்லையைத் தீர்க்கும் வழி, மோட்டார் வண்டி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே காணப்பட்டிருந்தது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1662இல் மறைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு வெளிவந்த நூலில், அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்னும் உண்மை விளக்கப்பட்டது. ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள பிஸ்டனைப் பத்து ராத்தல் விசையோடு தள்ளினால், அதே திரவத்தோடு தொடர்புள்ள பத்துச் சதுர அங்குலப் பிஸ்டன் நூறு ராத்தல் விசையைப் பெறும். ஆனால் சிறிய பிஸ்டன் பத்து அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஓரங்குலம் நகரும். விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துவிட வேண்டும்.

1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இந்த உண்மையைக் கொண்டு நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பெரும் இடையூறாக நின்றது ஒழுக்கு. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீர் கசிந்தால் அழுத்தம் நில்லாது. கசியாதபடி இறுக்கிக் கட்டினாலோ பிஸ்டன் நகராது. உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தானே விரிந்து உருளையின் சுவரை இறுகப் பற்றும் தோல் வளையமே இதற்குத் தீர்வாயிற்று. அதை அமைத்த பெருமை பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லேக்கு உரியதென்பர்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். தம்பியோடு விமானத் தொழிலில் ஈடுபட்டிருந்த மால்கம் லாக்ஹீட், திரவத்தால் இயங்கும் பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். பின்னர் விமானத் தொழிலை விட்டு, பிரேக்குத் தொழிலையே மேற்கொண்டார். 1921இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில், நான்கு சக்கரங்களிலும் திரவப் பிரேக்குகளைக் கொண்ட டியூசன்பர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்பி வென்றார். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் வண்டி இம்முறையை நடுத்தர வருவாயினரிடமும் கொண்டு சேர்த்தது. லாக்ஹீட்டின் தொடக்க அமைப்பில் இருந்த பதப்படாத தோல் அடைப்புகள் ஒழுகின. ஆதலின் கிரைஸ்லர் பொறியாளர் அவற்றை நீக்கி, ரப்பர்க் கிண்ணங்களை அமைத்தனர்.

இவ்விடத்தில் மலாயாத் தமிழர் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். செயற்கை ரப்பர் பரவாத காலம் அது. உலகம் பயன்படுத்திய ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் நின்று, பால்வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளரின் உழைப்பு, அவர்கள் ஏறியறியாத வண்டிகளைப் பாதுகாப்பாக நிறுத்தும் பொருள்களுக்கும் மூலமாயிற்று. அக்கால பிரேக் எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்ததற்கும் ரப்பரே காரணம். எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு கெடுப்பதில்லை.

மாஸ்டர் சிலிண்டர் இவ்வமைப்பின் இதயம் எனலாம். மிதிகட்டையை அழுத்தும்போது அதனுள் இருக்கும் பிஸ்டன் முன்னேறி, எண்ணெய்த் தொட்டிக்குச் செல்லும் நுண்துளையை முதலில் மூடும். பின்னர்க் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தை அனுப்பும். பிஸ்டனின் முன்னே ஒரு ரப்பர்க் கிண்ணமும் பின்னே மற்றோர் அடைப்பும் உண்டு. பின்னடைப்பு தேய்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டும், தொட்டி குறையும். முன்கிண்ணம் தேய்ந்தால் வெளியே ஒரு துளியும் தெரியாது. எண்ணெய் பிஸ்டனைக் கடந்து பின்னே நழுவ, மிதித்த கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இரண்டாவது குறையே வஞ்சகமானது.

1948இல் வெளிவந்து, 1971 வரை உற்பத்தியில் இருந்த மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நன்கு பழகிய வண்டி அது. அதன் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைத் தகட்டின் கீழே, சட்டத்தின் உள்ளே அமைந்துள்ளது. கால்விரிப்பை விலக்கினால்தான் எண்ணெய் ஊற்றும் மூடியைக் காண இயலும். கண்ணுக்குத் தெரியாதது கருத்திலும் தங்குவதில்லை. எனவே ஒழுக்கு முற்றும்வரை கவனியாது விடுவோர் உண்டு.

அதனை மாற்றுவது பொறுமையுடையார்க்கு இயலாததன்று, ஆனால் எளியதுமன்று. சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை உருவவொட்டாமல் முன்சக்கரத் தொங்கலின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். வண்டியின் பாரத்தைத் தாங்கி முறுகி நிற்கும் அக்கம்பியை, முறுக்கைத் தணித்த பின்னரே விலக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். கழற்றிய சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருந்தால், கிண்ணத்தை மட்டும் மாற்றுவது வீண். குழியின் விளிம்பு புதிய கிண்ணத்தையும் அறுத்துவிடும். முழுச் சிலிண்டரையே மாற்றுதல் நலம்.

அத்துருவுக்குக் காரணம் பிரேக் எண்ணெயின் இயல்பே. இக்காலத்துப் பொதுவான பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது. ஈரம் ஏறிய நிலையில் அத்தரத்துக்குரிய அளவு 140 பாகைதான். ஈரம் மிகுந்த நம் நாட்டில் இதனை மறத்தலாகாது.

புதிய சிலிண்டரைப் பூட்டும்போது தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிகச்சிறு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் முற்கூறிய நுண்துளை திறவாது. அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டு, பிரேக்கு சக்கரத்தைப் பற்றியே நிற்கும். பிறகு, தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அழுந்தாது, காற்று அழுந்தும். குழாயில் தங்கிய ஒரு குமிழி பாஸ்கலின் விதியையே பயனற்றதாக்கிவிடும். இறுதியில் மிதிகட்டையைச் சில நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, கால் இறங்குகிறதா, இணைப்புகள் கசிகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பார்த்த பின்னரும், முதல் ஓட்டம் ஆளற்ற சமதரையில், நடை வேகத்தில் அமைவதே அறிவுடைமை.

இத்துணைக் கவனம் எதற்கு? தொடக்கத்தில் கூறிய தீங்கு இங்கேதான் உள்ளது. கயிறு அறுந்தால் ஒரு சக்கரத்தின் பிரேக்கு போகும். திரவப் பிரேக்கிலோ நான்கு சக்கரங்களுக்கும் திரவம் ஒன்று, சிலிண்டர் ஒன்று. நான்கையும் சமமாகப் பிடிக்கச் செய்த அந்த ஒற்றுமையே, ஓரிடத்து ஒழுக்கால் நான்கையும் கைவிடச் செய்யும். ஃபோர்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு வண்டிகள் வரை திரவப் பிரேக்கை ஏற்காதிருந்ததைப் பழமைப் பிடிவாதம் என்பர். ஆயினும் ஒரு குழாயை நம்ப அஞ்சியோரின் அச்சத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது.

மருந்து கயிற்றுக்குத் திரும்புவதில் இல்லை; திரவத்தை இரண்டாகப் பிரிப்பதில் இருந்தது. ஒரே உருளையில் இரு பிஸ்டன்களை முன்பின்னாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணெயும் தனிக் குழாயும் தந்தால், ஒன்று ஒழுகினும் மற்றது இயங்கும். 1962இல் அமெரிக்காவின் காடிலாக், ராம்பிளர் வண்டிகள் இவ்வகை இரட்டைச் சிலிண்டருடன் வந்தன. 1966இல் அந்நாடு மோட்டார் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1968 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய கார்களுக்கு இரு பிரிவான பிரேக்கு கட்டாயமாயிற்று. கிரைஸ்லரின் ரப்பர்க் கிண்ணத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன.

இரட்டைச் சிலிண்டர் வருமுன் பிறந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் மாஸ்டர் சிலிண்டர் கைவிட்டால் எஞ்சியிருக்கும் துணை கைப்பிரேக்கு ஒன்றே. பின்சக்கரங்களைக் கம்பியால் இழுக்கும் அப்பழைய முறை, தான் தோற்ற இடத்திலேயே காவலாக நிற்கிறது. ஆகவே பழைய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவோர், அதே நாளில் கைப்பிரேக்கையும் சோதித்துச் சரிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே வண்டியைத் தெருவுக்குக் கொண்டு செல்லலாம்.