மில்டன் இட்ட பெயர்

செக்ரோலில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் அதனை எழுதிய கிராணியே பொறுப்பாளி. ஆனால், சென்ற மாதம் நமது தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் உலவிய ஒரு செய்திக்குப் பொறுப்பாளி ஒருவருமில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் மானத்தைக் குலைத்த அவ்வரிகளை எழுதியவர் யாரென வினவியபோது, "வந்தது, அனுப்பினேன்" என்பதே அனைவர் விடையுமாயிற்று. "பேச்சுச் சுதந்திரம் இல்லையா?" என்று சிலர் சீறவுஞ் செய்தனர். அச்சுதந்திரத்தின் சரித்திரத்தில் தலைசிறந்ததோர் ஏடு எவ்விதம் பிறந்தது என்பதை அவர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1643ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தணிக்கையாளர் அநுமதியின்றி எந்நூலும் அச்சேறலாகாது என இங்கிலாந்துப் பார்லிமெண்டு உத்தரவிட்டது. மன்னரின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்த பார்லிமெண்டே இதனைச் செய்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அச்சகங்களைச் சோதனையிடவும், யந்திரங்களைப் பறிக்கவும், ஆசிரியரையும் அச்சிட்டோரையும் கைது செய்யவும் அவ்வுத்தரவு இடந்தந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில், மனமொவ்வாத தம்பதியர் பிரிந்து மறுமணம் புரிய உரிமை வேண்டுமென ஜான் மில்டன் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் பெயரில்லை. தம் பெயர் வாசகரை எப்பக்கமும் சாய்க்கலாகாது என்றே அதனை விடுத்ததாகப் பின்னர் அவரே காரணங் கூறினார். பாதிரிமார் கூச்சலிட்டனர். வாளாவிருக்க அதுவே தக்க தருணமென நம்மில் பலர் எண்ணியிருப்போம். மில்டனோ, 1644 பிப்ரவரியில் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் முகவுரையில் தமது முழுப்பெயரையும் இட்டார். ஆகஸ்டில் பார்லிமெண்டின் முன் பிரசங்கித்த ஹெர்பர்ட் பால்மர் என்னும் பாதிரியார், அந்நூல் எரிக்கத்தக்கது என்றார்.

நவம்பரில் வந்தது 'அரியோபாகிட்டிகா'. அநுமதியின்றி அச்சிடும் உரிமைக்கு வாதாடிய அந்நூல், அநுமதியின்றியே அச்சாயிற்று. முகப்பிலேயே ஜான் மில்டன் என்ற பெயர் துலங்கியது; அச்சிட்டவர் பெயரோ விற்றவர் பெயரோ இல்லை. பழியைத் தாம் ஏற்று அவர்களைக் காத்தார் போலும் என்று கருதுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. அச்சாகுமுன் தடுப்பதையே அவர் எதிர்த்தார்; அச்சான பின்னர்த் தீங்கென நிரூபணமாகும் நூலைத் தண்டிப்பதை எதிர்த்தாரில்லை. அச்சிடுவோன் பெயரேனும் பதிவாக வேண்டும் என்ற முந்திய விதியை மெச்சவுஞ் செய்தார். (தம் நூலில் அவ்விதியைக் கைவிட்டது வேறு கதை.)

கத்தோலிக்கருக்கு இச்சுதந்திரத்தை அவர் நீட்டவில்லை. 1651இல் தாமே ஒரு செய்தித்தாளுக்கு அநுமதி வழங்கும் அலுவலும் பார்த்தார். இவற்றை மறைத்து அவரைப் போற்றுவது நமக்கு உடன்பாடன்று.

வேலை பறிபோகுமென்று அஞ்சி, மேலதிகாரியின் அநீதியைப் பெயரின்றி எழுதும் தொழிலாளியை நாம் குறைகூறோம். அவர் வலியாருக்கு அஞ்சி ஒளிகின்றார். நம் குழுவினரோ எளியாரைத் தாக்கிவிட்டு ஒளிந்தனர்.

1660இல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டது. கண்ணொளி இழந்து ஏறக்குறைய எட்டாண்டுகள் கழிந்திருந்த மில்டனைப் பெயர் சுட்டி அரச அறிக்கை வெளிவந்தது. அவருடைய நூல்கள் இரண்டு தூக்கிலிடுவோன் கையால் எரிக்கப்பட்டன. ஒளிந்திருந்து, பிடிபட்டு, டிசம்பரில் விடுதலையானார். சிறைக்காவலுக்குக் கட்டணமென 150 பவுன் கேட்டனர். அது மிகையென அவர் நண்பர் ஆண்ட்ரூ மார்வெல் பார்லிமெண்டில் முறையிட்டார். கணக்கெழுதிப் பழகிய நமக்கு அத்தொகை இன்றும் உறுத்துகின்றது.