தமிழ்க் கிறித்தவத் தியான மொழி: சொற்களின் ஏற்பும் மறுப்பும்

கிறித்தவ மறைநூலைத் தமிழில் பெயர்த்தோரின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அந்நூலின் வசனங்களை நாள்தோறும் ஓதித் தியானித்தோரின் மொழி அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆயினும் எச்சொல் நிலைத்தது, எது வழக்கிழந்தது என்பதை முடிவுசெய்ததில் மொழிபெயர்ப்பாளரைவிட வழிபடுவோருக்கே பெரும்பங்கு உண்டு. பரம்பொருளைக் குறிக்க வழங்கிய சொற்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கச் சிறுநூலுக்கு அன்றீக்கசு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயரிட்டார். இறைவனுக்குத் தமிழ்ச் சமய வழக்கிலிருந்த சொல்லே அங்கு இடம்பெற்றது. தமிழில் நிகரில்லை எனக் கருதப்பட்ட கருத்துகளுக்குக் 'குருசு', 'இஸ்பிரீத்து சாந்து' போன்ற போர்த்துக்கீசிய வழிச் சொற்கள் வழங்கலாயின. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் 'சர்வேசுரன்', 'பிரசாதம்', 'பூசை' முதலிய வடமொழி வழிச் சொற்களைக் கையாண்டார். அதற்கு நூறாண்டுகள் கழித்துத் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் சபையினரான சீகன்பால்கு, 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் அதே 'சர்வேசுரன்' என்னும் சொல்லையே ஆண்டார். திருச்சபைப் பிளவு இச்சொல்லளவில் அப்போது இறங்கியிருக்கவில்லை.

சென்னை வேப்பேரியில் 1772-இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பெப்ரீசியஸ் 'பராபரன்' என்று எழுதினார். அவரே செருமானியப் பாமாலைகளையும் தமிழாக்கினார். இதனால் அவருடைய சொற்கள் வாசிப்போடு நில்லாமல் பாட்டிலும் செபத்திலும் கலந்து மனப்பாடமாயின. இதன் விளைவு அடுத்த நூற்றாண்டில் புலப்பட்டது. திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியஸ் 1827-இல் தம் மொழிபெயர்ப்புக் கொள்கைகளை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். தெளிவும் தமிழ் மரபுமே முதன்மை என்பது அவர் கருத்து. 1833-இல் அவரது புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஆனால் பழைய பெயர்ப்பைத் திருத்தும் முயற்சிகளைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அவர் தமிழ் அறியாதவர் அல்லர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய புலவர். எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இதுவே போதும். செபித்துப் பழகிய சொல்லை மாற்றுவது வழிபடுவோருக்கு நம்பிக்கையையே அசைப்பதாகப்பட்டது.

நடையின் செம்மையும் ஏற்பை உறுதிசெய்யவில்லை. ஆறுமுக நாவலரின் துணையோடு பீட்டர் பெர்சிவல் உருவாக்கி 1850-இல் வெளிவந்த பெயர்ப்பு, திருச்சபைகளில் நிலைபெறவில்லை. போவர் தலைமையிலான குழுவின் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு 'தேவன்' என்னும் சொல்லைக் கொண்டது. லுத்தரன் சபையினர் அதன்பின்னும் நெடுங்காலம் பெப்ரீசியஸின் நூலையே ஓதினர். 'தேவன்' ஆண்பால் ஒருமைச் சொல். 'தேவர்', 'தேவி' என்னும் சொற்கள் அதன் அருகே நிற்கின்றன. ஒரே கடவுட்கொள்கைக்கு அது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பு. 1954-ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு 'கடவுள்' என்று மாற்றியது. எனினும் சீர்திருத்தச் சபையினரின் இல்லங்களில் போவர் பதிப்பே இன்றும் ஓதப்படுகிறது. தியான உரைகளும் அதன் வசனங்களையே மேற்கோளாகக் கொள்கின்றன.

இலக்கணக் கூறுகளிலும் இந்நிலைபேற்றைக் காணலாம். பத்திப் பாடல்களில் இறைவன் பெரும்பாலும் 'நீ' என விளிக்கப்படுகிறான். கிறித்தவச் செபத்தில் 'நீர்', 'உம்முடைய' என்பனவே வழக்கு. தென் மாவட்டப் பேச்சு நீங்கலாக, 'நீர்' பொதுப்பேச்சில் பெரிதும் அருகிவிட்டது. அவ்வாறிருந்தும், நூலின் துணையின்றித் தாமாகச் செபிப்பவரும் 'தந்தீர்', 'காத்தீர்' என்றே சொல்கின்றனர். பழைய மரியாதை வடிவம் இங்கு மன்றாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

கத்தோலிக்கரிடையே மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து வழிபாடே தமிழுக்கு மாறியது. 'பூசை' 'திருப்பலி' ஆயிற்று. 'ஞானஸ்நானம்' 'திருமுழுக்கு' ஆயிற்று. 'பிரியதத்தம்' 'அருள்' ஆயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' 'தூய ஆவி' ஆயிற்று. ஞாயிறுதோறும் ஒலித்ததால் புதிய சொற்கள் ஒரு தலைமுறைக்குள் இயல்பாயின. அதற்கு ஈடாக, முந்தைய தலைமுறை மனப்பாடமாகச் சொன்ன மன்றாட்டுகளும் பழைய தியான நூல்களும் பேரப்பிள்ளைகளுக்கு அயன்மையாயின.

இரு பிரிவு அறிஞரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' 1995-இல் வெளிவந்தது. கத்தோலிக்க வழிபாடு அதனை ஏற்றது. சீர்திருத்தச் சபைகளில் அது பரவலான வழிபாட்டு நூலாகவில்லை. பெயர்ப்பு ஒன்றே, அதைச் சுமந்து செல்லும் வழிபாடு ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. ஆகவே சமய நூலைப் பெயர்ப்போர் மூலத்துக்கு எச்சொல் பொருந்தும் என்று ஆராய்வதோடு, அச்சொல்லால் மக்கள் செபிப்பார்களா என்பதையும் ஆராய வேண்டும். அதற்கு முதற்படி, அவர்கள் இப்போது எச்சொல்லால் செபிக்கிறார்கள் என்று கேட்டறிவதாகும்.