ஒரு ரவுண்டு கடன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கரமனையில் இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையன் யூடியூபில் பழைய நாஸ்கார் ரேஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். (கோயமுத்தூர்க்காரன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் வளர்ந்தாலும் கார் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு உற்சாகம்.) திடீரென்று என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா, இந்த ஆள் ஒரு ரவுண்டு பின்னாடி இருந்தான். வேற யாரோ சுவத்துல மோதினான், மஞ்சள் கொடி காட்டினாங்க. உடனே இவனுக்கு அந்த ஒரு ரவுண்டை ஃப்ரீயா திருப்பிக் கொடுத்துட்டாங்க. இது ஃபேர் அல்லல்லோ!"

அல்லல்லோ! பத்து வருடம் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனால் தமிழ் இப்படித்தான் ஆகும், என்ன செய்ய.

நான் வெறும் பி.காம். இன்ஜினைப் பற்றிக் கேட்டால் முழிப்பேன். ஆனால் இவன் கேட்டது இன்ஜின் சமாச்சாரம் இல்லை. கடன் தள்ளுபடி சமாச்சாரம். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவதே அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். நாஸ்கார் ரேஸ் பெரும்பாலும் முட்டை வடிவ டிராக்கில் நடப்பது. மார்ட்டின்ஸ்வில் என்ற டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 0.526 மைல், நம் கணக்கில் சுமார் 850 மீட்டர். இருபது விநாடியில் ஒரு ரவுண்டு முடிந்துவிடும். ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் பஞ்சர் ஆகி பிட்டுக்குள் போனால், வெளியே வருவதற்குள் ஒன்றிரண்டு ரவுண்டு போயே போச்சு.

இப்போது விபத்து நடக்கிறது. மஞ்சள் கொடி. முன்னால் பேஸ் கார் வரும், எல்லோரும் அதன் பின்னால் மெதுவாக ஊர்வலம் போவார்கள். யாரும் முந்தக் கூடாது. இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். முதல் ஆளுக்கு 19 விநாடி பின்னால் இருந்தவன் ஊர்வலத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். அவனுடைய 19 விநாடி பாக்கி மொத்தமும் தள்ளுபடி! 21 விநாடி பின்னால் இருந்தவனோ ஒரு ரவுண்டு இழந்தவன். அவனுக்கு ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. முழு ரவுண்டும் பாக்கியாகவே நிற்கும். நடுவில் இருப்பது இரண்டே விநாடி.

பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ முதல் ஆள்தானே பாவம்?" என்றான். பாவம்தான். உழைத்துச் சேர்த்த இடைவெளி போய்விடுகிறதே. ஆட்டத்தை நடுவில் நிறுத்தினாலே யாருக்காவது நஷ்டம் வரும். 2017 நவம்பர் 7-ம் தேதி நம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்தியா - நியூசிலாந்து டி20 மழையால் எட்டு ஓவராகச் சுருங்கியது. இந்தியா 67, நியூசிலாந்து 61. தொடங்குவதற்கு முன்பே மழை பெய்ததால் இரண்டு பேருக்கும் சமமாக வெட்டிவிட்டார்கள், பிரச்சினை இல்லை. பாதி ஆட்டத்தில் பெய்தால்தான் தலைவலி. அதற்காகவே கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் திருச்சூர்க்காரர், இன்ஜினியர் வி.ஜெயதேவன். அவருடைய விஜேடி முறை நம்மூர் டிஎன்பிஎல் வரைக்கும் வந்தது.

சரி, நாஸ்காருக்கு வருவோம். 2003 வரைக்கும் அங்கே இருந்த வழக்கம் வேறு. மஞ்சள் கொடி விழுந்த பிறகும் கோட்டைத் தாண்டும் வரை பந்தயம்தான். ஒரு ரவுண்டு இழந்தவன் அந்தக் கொஞ்ச தூரத்தில் முதல் ஆளை முந்திக் கோட்டைத் தொட்டுவிட்டால் இழந்த ரவுண்டு திரும்பக் கிடைக்கும். எதிரே அடிபட்ட கார் கிடக்க, இவர்கள் முழு வேகத்தில் பறப்பார்கள். ஆபத்து என்பதால் டிரைவர்களுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் உண்டு. முதல் ஆள் வேகத்தைக் குறைத்து, வேண்டியவனாக இருந்தால் முந்த விடுவான். வேண்டாதவன் என்றால் விட மாட்டான். பழைய காலத்து கிளை மேனேஜர் வட்டியைத் தள்ளிக் கொடுத்த மாதிரி!

2003 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் மோதி, கோட்டுக்குப் போகும் நேர் சாலையில் அப்படியே நின்றுவிட்டது. மற்ற கார்கள் கோட்டைப் பிடிக்க அவரை உரசுகிற மாதிரிப் பாய்ந்து போயின. உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அடுத்த வாரம் டோவர் ரேஸிலேயே விதி மாறியது. மஞ்சள் விழுந்த நொடியில் வரிசை உறைந்துவிடும். கோட்டுக்கு ஓடுவது கிடையாது. அதற்கு ஈடாக, ரவுண்டு இழந்தவர்களில் முதலாவதாக இருப்பவனுக்கு மட்டும் ஒரு ரவுண்டு திரும்பக் கிடைக்கும். முதலில் அதைப் பெற்றவர் ஜிம்மி ஸ்பென்சர். டிவியில் வர்ணனை சொன்ன பென்னி பார்சன்ஸ் அதற்கு 'லக்கி டாக்' என்று பெயர் வைத்தார்.

ஆக, இது இலவசம் இல்லை. முன்பு ஒருவன் தயவில் கிடைத்ததை விதியில் எழுதி வைத்தார்கள். விபத்துக்குக் காரணமானவனுக்கு இது கிடையாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அதுவரை எனக்குச் சம்மதமே. மஞ்சள் கொடிக்காக வேண்டுமென்றே காரைச் சுழற்றியவர்களும் உண்டு. 2004-ல் பிரிஸ்டலில் அப்படிச் செய்ததை டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் தன் வாயாலேயே சொல்லி, பத்தாயிரம் டாலர் அபராதமும் கட்டி, 25 புள்ளியும் இழந்தார்.

என்னை உறுத்துவது 'ஒருவனுக்கு மட்டும்' என்பதுதான். இரண்டாவதாக இருப்பவன் என்ன பாவம் செய்தான்?

2008-ல் நான் உடுமலைப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் புது ஆபீசர். அந்த வருடம் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. 2007 டிசம்பர் 31-ல் தவணை தவறியிருக்க வேண்டும், 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமல் இருக்க வேண்டும். எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். எங்கள் கிளையில் ஒரு தென்னை விவசாயி, பாக்கி வைத்திருந்தவர், பொங்கல் முடிந்த கையோடு வீட்டம்மா நகையை அடகு வைத்து மொத்தமும் கட்டிவிட்டுப் போயிருந்தார். பட்டியல் ஒட்டிய அன்று வந்து தன் பெயரைத் தேடினார். இல்லை. "ஏனுங்க சார், கட்டுனது தப்புங்களா?" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் பட்டியலில் இருந்தது. அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

நாஸ்கார்க்காரர்கள் 2009-ல் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் நேரத்தில் முதல் ஆள் பிட்டுக்குள் போக, ரவுண்டு இழந்தவன் உள்ளே போகாமல் வெளியிலேயே இருந்தால், பேஸ் காரைச் சுற்றி வந்து வரிசையின் வாலில் சேரலாம். ரவுண்டு திரும்பும். ஆனால் பழைய டயர், குறைந்த பெட்ரோலோடு ஓட்ட வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே தவணையில் கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட் மாதிரி, கொஞ்சம் கொடுத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும்.

இந்த இரண்டு உலகத்தையும் பார்த்த நம்ம ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில்லில்தான் நாஸ்கார் டிரக் பந்தயத்துக்குள் வந்தார், 13-வது இடம். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருடம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, டிரக் பிரிவில் அதிகம் விரும்பப்பட்ட டிரைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எஃப்-1-ல் அவருடைய சிறந்த இடம் 2005 இண்டியானாபோலிஸில் நான்காவது, அதுவும் ஒரு ரவுண்டு பின்னால். டயர் தகராறில் ஆறே கார்கள் ஓடிய ரேஸ் அது. 2012 மலேசியாவில் மழை டயரை நம்பிப் பத்தாவது இடம் வரை வந்திருந்தார். பிறகு ஒரு ரவுண்டு முந்த வந்த வெட்டல் அவரோடு உரசி டயர் பஞ்சராகி, 11-வதாக முடித்தார். நரேனுக்கு 20 விநாடி தண்டனை. வெட்டல் விரலைக் காட்டிவிட்டுப் போனது நம்மில் பலருக்கு இன்னும் ஆறவில்லை :-)

எஃப்-1-லும் அந்த வருடம் சேஃப்டி கார் வரும்போது பின்தங்கியவர்கள் ரவுண்டைத் திரும்பப் பெறலாம் என்ற விதி மறுபடி வந்தது. ஆனால் அதன் முக்கிய நோக்கம் வேறு. முன்னணி ஆட்கள் நடுவே இவர்கள் இடைஞ்சலாக நிற்கக் கூடாது, அவ்வளவே. கல்யாண வீட்டில் நாற்காலியை நகர்த்துவது மாதிரி.

2021 டிசம்பர் 12, அபுதாபி. கடைசி ரவுண்டுகள், சேஃப்டி கார். ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே இருந்த ஐந்து கார்களை மட்டும் நகர்த்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு ரவுண்டு ரேஸ், சாம்பியன் பட்டம் கைமாறியது. 2022-ல் விதியில் 'எல்லா கார்களும்' என்று வார்த்தையைத் திருத்தினார்கள். நகர்ந்த அந்த ஐந்து பேரில் ஒருவர் வெட்டல்.

இதைக் கேட்டுப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தென்னந்தோப்புத் தாத்தா என்ன ஆனார்பா?" என்றான்.

நகையை மீட்டுவிட்டார். அடுத்த சாகுபடிக்கு எங்கள் கிளையிலேயே கடன் வாங்கினார். 2009-ல் தவணை தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து கட்டிவிட்டுப் போனார்.