மின் அரசு (909–945)

தாங் பேரரசு 907-இல் வீழ்ந்தபின் சீனாவில் தோன்றிய ‘பத்து அரசு’களில் ஒன்று மின். தென்கிழக்குக் கடற்கரையில், இன்றைய ஃபூஜியன் மாநிலத்தை அது ஆண்டது 36 ஆண்டுகள்தான். ஆனால் பினாங்கு ஹொக்கியன் சீனர்களின் பூர்வீக மண் கடல் வாணிகத்தில் தழைக்க வழிகோலிய ஆட்சி அது.

ஹெனான் மாநிலத்துக் குஷியில் பிறந்த வாங் சகோதரர் மூவர், 885-இல் கலகப் படையொன்றோடு தெற்கே வந்தனர். மறு ஆண்டு சுவான்சோவும் 893-இல் ஃபூச்சோவும் அவர்கள் வசமாயின. மூத்தவர் வாங் சாவ் இறந்ததும் தம்பி வாங் ஷென்சி பொறுப்பேற்றார். 909-இல் வடக்கே ஆண்ட பிற்கால லியாங் அரசு அவருக்கு ‘மின் அரசர்’ பட்டம் தந்தது. ஹொக்கியன் மக்களில் ஓங் (வாங்) குலத்தார் பலர் இன்றும் அவரைத் தம் முன்னோராகப் போற்றுகின்றனர்.

மலைகள் அடைத்த நாட்டில் விளைநிலம் குறைவு. ஷென்சி வரியைக் குறைத்தார். கந்தாங் துறையைத் திறந்து அயல்நாட்டு வணிகரை வரவேற்றார். ஈயத்திலும் இரும்பிலும் காசு அடித்தார். அவருடைய மருமகள் லியூ ஹுவா 930-இல் இறந்தார். ஃபூச்சோவிலுள்ள அவரது கல்லறையை 1965-இல் அகழ்ந்தபோது, நீலப்பச்சை மெருகிட்ட மூன்று பெரிய பாரசீக ஜாடிகள் கிடைத்தன. மலாக்கா நீரிணை வழியே நடந்த வாணிகத்துக்கு அவை கண்கூடான சான்று.

ஷென்சி 925-இல் மறைந்ததும் குடும்பப் பகை வெடித்தது. அடுத்தடுத்து அரியணை ஏறிய வாங் குலத்தார் நால்வரும் கொலையுண்டனர். 933-இல் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட மகன் யான்ஜுன், இரண்டே ஆண்டில் அரண்மனைக் கலகத்தில் மாண்டான். 943-இல் இன்னொரு மகன் யான்செங் ஜியான்சோவில் தனியரசு அமைக்க, நாடு இரண்டுபட்டது. 945-இல் தெற்குத் தாங் படை ஜியான்சோவைப் பிடித்தது, மின் முடிந்தது.

துறைமுகங்களோ ஓயவில்லை.

சுவான்சோ, சாங்சோ பகுதிகளைத் தளபதி லியூ சொங்சியாவ் தன்வசம் வைத்துக்கொண்டார். சுவான்சோவைச் சுற்றிக் கல்யாண முருங்கை மரங்களை நட்டவர் அவரே என்பது மரபு. 978-இல் அப்பகுதி சோங் பேரரசில் இணைந்தது. பின்னாளில் தமிழ் வணிகரும் சுவான்சோவில் தங்கினர். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததை 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது.

1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவியபின் குடியேறிய ஹொக்கியன் மக்களில் பெரும்பாலோர் இதே சாங்சோ, சுவான்சோ வட்டாரத்தினர். அங்குள்ள கூ கொங்சி என்னும் குலக் கூடத்தைக் கட்டியவர்கள் சாங்சோ பக்கத்தவர். வெல்ட் குவே கரையில் சியூ ஜெட்டி என்னும் நீர்மேல் குடியிருப்பை அமைத்தவர்கள் அன்று சுவான்சோவைச் சேர்ந்திருந்த தோங்ஆனிலிருந்து வந்தவர்கள். பினாங்கு ஹொக்கியன் பேச்சுக்கும் சாங்சோ வட்டார வழக்கே அடிப்படை.