மூப்பரும் பெயரேடும்



கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பழைய குறை உண்டு. போதகர் மலையேறி வருவது எப்போதாவதுதான். நோயும் சாவும் சண்டையும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் சபையைத் தாங்குகிறவர் மூப்பர். அவரும் காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர்தாம். இந்தப் பொறுப்பு தமிழரிடையே எப்படி வளர்ந்தது, அதில் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் தென்பாண்டிக் கடற்கரைக்கு வந்தார். ஊர் ஊராக நடந்த அவரால் ஓர் ஊரிலும் தங்க முடியவில்லை. ஆகவே ஊருக்கு ஒருவரை நியமித்தார். செபம் சொல்லிக்கொடுப்பது, பிறக்கும் குழந்தைகளையும் நடக்கும் திருமணங்களையும் கவனிப்பது, சாகக் கிடக்கும் சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஆகியவை அவர் வேலை. அவருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை! போர்த்துகீசிய அரசியின் காலணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை இவர்களுடைய சம்பளத்துக்குத் திருப்பிவிட்டார் சவேரியார். அரசியின் செருப்பைவிட ஏழையின் பிள்ளை பெரிது என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதே சவேரியார் 1545-ல் நம் மலாக்காவுக்கும் வந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கரையில் ஊரை ஆண்டவர்கள் பட்டங்கட்டிகள். கணக்கப்பிள்ளையின் வேலையோ வேறு. அதிகாரம் ஒருவரிடம், ஆறுதல் இன்னொருவரிடம். இது பின்னால் நமக்கு உதவும்.

பிறகு 1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கினார். அங்கே 1733-ல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்த சபைகளில் முதல் தமிழ்ப் போதகர் அவரே. அதற்கு முன் அவர் உபதேசியாராக இருந்தவர். பாளையங்கோட்டையில் 1780-ல் சபைப் பெயரேடு ஒன்று எழுதப்பட்டது. அதில் இருந்தவை 40 பெயர்கள். கிளாரிந்தா என்ற கைம்பெண்ணின் பெயரும் அவற்றில் உண்டு. திருநெல்வேலிச் சபையின் பெரிய வரலாறு அந்த 40 பெயர்களிலிருந்து தொடங்குகிறது.

அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தே இலங்கை மலைநாட்டுக்கு ஆட்கள் போனார்கள். அப்போது அங்கே காப்பித் தோட்டங்கள். தேயிலை பிறகு வந்தது. 1854-ல் அவர்களுக்கென்று 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்கவே நமக்குக் கசக்கிறது. அக்காலத்து வழக்கு அது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து லயங்களில் ஜனங்களைச் சந்தித்தார்கள். ஆனால் அந்தப் பணிக்குத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். துரை பணம் கொடுக்கும் உபதேசியாரிடம், துரையால் வந்த துன்பத்தை ஒரு தொழிலாளி மனம் திறந்து சொல்லியிருப்பாரா? எங்களுக்குச் சந்தேகந்தான்.

இதே சிக்கல் நம் மலையிலும் உண்டு. 1929-ல் போ தோட்டம் தொடங்கிய காலத்தில் மலாயாவில் கங்காணி முறை இருந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடுத்தபின் அந்த முறை முடிந்தது. ஆனாலும் ஆளை வேலைக்கு நிறுத்துகிறவரே ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டையும் ஏந்துகிற வழக்கம் பல இடங்களில் நீடித்தது. மண்டோர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடனையும் குடியையும் பற்றி அவரிடம் பேச ஆள் அஞ்சுவார். மண்டோரே மூப்பராக இருந்தால், வீடு சந்திக்கிற வேலையையாவது இன்னொருவருக்கு விடுவது நல்லது.

சந்திப்புக்குப் போகும்போது சம்பள நாளைத் தவிர்க்க வேண்டும். காணிக்கை கேட்க வந்தார் என்று நினைப்பார்கள். பெண்கள் தனித்திருக்கும் வீட்டுக்கு மூப்பர் தம் மனைவியோடு போகட்டும். கேட்டதைத் தண்ணீர்க் குழாயடியில் பேசக்கூடாது. ஒரு விதிவிலக்கு: மனைவியையோ பிள்ளையையோ ஒருவன் அடித்துக் காயப்படுத்தினால், "குடும்ப விஷயம்" என்று மூடி மறைப்பது பாவம். தானா ராத்தா மருத்துவமனைக்கும் போலீசுக்கும் கூட்டிப்போக வேண்டியவர் மூப்பர்தான். தர்மப் பணத்தை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு ஜெபம் செய்தபின் சொக்சோ பாரத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரேடு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் படும் பாட்டை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். பின்னால் அடையாள அட்டைக்கும் அதே அலைச்சல். குழந்தை பிறந்த செய்தி கேட்டவுடன் மூப்பர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பதிந்துவிட்டீர்களா?" என்பதே. ஞானஸ்நானத் தேதி, பெற்றோர் பெயர், பிறந்த இடம் எல்லாம் ஏட்டில் சரியாக இருந்தால், எங்கும் பதியாமல் போன பிள்ளைக்கும் ஒரு சாட்சி மிஞ்சும்.

மலையை விட்டு இறங்கும் குடும்பங்களும் உண்டு. தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகிறவர்களின் பெயரை ஏட்டிலிருந்து வெறுமனே அடித்துவிடக் கூடாது. போகும் ஊரை எழுதி, அங்குள்ள சபைக்கு ஒரு கடிதமும் கையில் கொடுத்தனுப்புங்கள். அதில் வீட்டிலுள்ள முதியவரின் நோயையும், பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டால் போதும்.