வாயு மேஜை முதல் கைக்கருவி வரை: இல்லத் திரையரங்க ஒளிக்கட்டுப்பாட்டின் சரித்திரம்

நாடக அரங்கின் ஒளி முழுவதையும் ஒருவர் ஓரிடத்தில் நின்றவாறே கூட்டவும் குறைக்கவும் கூடும் என்பது, மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, வாயு விளக்குகளின் நாளிலேயே நிரூபணமாகிவிட்ட விஷயம். 1817-இல் லண்டன் டுரூரி லேன் அரங்கம் நிலக்கரி வாயுவைக் கைக்கொண்டது. பிற்பாடு, மேடையின் பக்கவாட்டில், ரசிகர் கண்ணுக்குப் படாத மூலையில், எல்லா விளக்குகளுக்கும் செல்லும் குழாய்களின் திருகுகளை ஒருங்கே தாங்கிய 'வாயு மேஜை' என்னும் அமைப்பு பெரிய அரங்குகளில் இடம்பெற்றது. மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஏற்றியும் அணைத்தும் வந்த பணியாளருக்குப் பதிலாக, அந்தியையும் நள்ளிரவையும் தம் கைத்திருப்பத்தால் வரவழைக்கும் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். ஹோம் தியேட்டர் என்று இப்போது வழங்கும் இல்லத் திரையரங்கில் ரிமோட்டைக் கொண்டு விளக்கை மங்கச் செய்வதை அண்மைக்காலத்துப் புதுமை என்று கருதுவாருண்டு. என் அபிப்பிராயத்தில் அது அந்த வாயு மேஜையின் மறுபிறப்பே; ரசிகரும் மேஜைக்காரரும் ஒரே ஆளாகிவிட்டது மாத்திரமே புதிது. அந்த ஒரு மாற்றம் இத்தனை தாமதமாக நேர்ந்தது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுவது.

1881-இல் லண்டன் சவாய் அரங்கம் முழுவதும் மின்விளக்கு பெற்ற பின்னர், நாடக அரங்குகள் மின்தடைகளைக் கொண்டு ஒளியைத் தணிக்கக் கற்றுக்கொண்டன. தணித்த மின்சக்தியோ எங்கும் போய்விடவில்லை. தடைக்குள்ளேயே வெப்பமாக மாறி நின்றது. அவ்வெப்பத்தையும் அச்சாதனத்தின் பருமனையும் அரங்கின் பின்கட்டு தாங்கும். வீட்டுச் சுவரில் ஸ்விட்சுக்கென விட்ட சிறு பெட்டி தாங்காது. ஆகவே வீட்டுவிளக்குக்கு எரிவதும் அணைவதும் ஆகிய இரண்டே நிலைகள் வாய்த்திருந்தன.

அந்நிலை மாறியதற்கு 1957-இல் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனம் வெளிக்கொணர்ந்த தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனம் மூலகாரணம். 1959-இல் ஜோயல் ஸ்பைரா என்னும் அமெரிக்கர், நியூயார்க் நகரத்தில் தம் குடியிருப்பின் ஓர் அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, சுவர்ப் பெட்டிக்குள் அடங்கி விளக்கை மங்கச் செய்யும் டிம்மரைப் படைத்தார்; 1961-இல் லூட்ரான் நிறுவனத்தையும் தொடங்கினார். அந்த டிம்மரின் யுக்தி நுட்பமானது: மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் எழுந்து அடங்குகையில், அதன் தொடக்கப்பகுதியைத் தடுத்து எஞ்சியதை மட்டும் விளக்குக்கு விடுவது. அமெரிக்க மின்சாரத்தில் இது விநாடிக்கு 120 தடவை நிகழ்வதால், மெதுவாகக் குளிரும் இழை துடிப்பைக் காட்டாமல் சீராக மங்குகிறது. மின்சக்தியை வெப்பமாக்கி வீணாக்குவதற்குப் பதில் அதை உள்ளே விடாமலே நிறுத்துகிற முறை இது. ஆயினும் அளவுமானியின் தீர்ப்பும் கண்ணின் தீர்ப்பும் ஒன்றல்ல. மானி பத்தில் ஒரு பங்கு என்று காட்டும் ஒளி கண்ணுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். திரைக்கு வேண்டிய இருளை எண்ணிப் பாதியளவில் நிறுத்தியவர்கள் ஏமாந்ததற்கு இதுவே காரணம்.

இது சுவரின் கதை. நாற்காலியின் கதை வேறு வழியில் நடந்துகொண்டிருந்தது. 1955-இல் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி வகுத்த ஃப்ளாஷ்மேடிக், தொலைக்காட்சிப் பெட்டியின் நான்கு மூலைகளில் வைத்த ஒளியுணரிகள்மீது கைவிளக்கைப் பாய்ச்சி ஆணையிடுவது. சன்னல் வழியே வந்த சூரிய வெளிச்சமும் அவ்வாறே ஆணையிட்டுவிட்டது! அடுத்த ஆண்டு ராபர்ட் அட்லர் ஒளியைக் கைவிட்டு, அலுமினியத் தண்டுகளைத் தட்டி எழுப்பிய, செவிக்கு எட்டாத மீயொலியை நாடினார். அகச்சிவப்புக் கதிர் பின்னாளில் வந்தபோதுதான் ஒளி மீண்டும் தூதாயிற்று. சூரியனும் இழைவிளக்கும் அதே கதிரை ஏராளமாகப் பொழிபவை. எனினும் அவை துடிப்பின்றிப் பொழிகின்றன. ரிமோட் பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 38,000 துடிப்புகளாக அனுப்புவதால், அத்துடிப்புக்கு மட்டும் இசைந்த உணரி ஏனையவற்றைப் புறக்கணித்துவிடுகிறது.

இவ்விரு வழிகளும் முதன்முதல் சந்தித்தது ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் ஊரில். அங்கிருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், பி.எஸ்.ஆர். கம்பெனியின் இசைத்தட்டுக் கருவியைத் தொலைவிலிருந்து இயக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தபோது, விளக்குகளையும் அவ்வாறே இயக்கலாகாதா என்று யோசித்து, 1975-இல் எக்ஸ்10 முறையை உருவாக்கியது. 1978-இல் அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்தது. புதிய கம்பி ஏதும் இழுக்காமல், வீட்டு மின்கம்பியின் மீதே, மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில், 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாகச் செய்தியை ஏற்றி அனுப்பியது அது; 256 முகவரிகள் அதற்குண்டு; எல்லா விளக்குகளையும் ஒருசேர ஏற்றும் கட்டளையும் உண்டு. வாயு மேஜை திரும்பியது என்று நான் சொல்வது இதனாலேயே. குறைகளும் சாமானியமானவை அல்ல. ஒரு முழுக் கட்டளை சென்று சேர முக்கால் விநாடி பிடிக்கும். கட்டளை நிறைவேறியதா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அமெரிக்க வீடுகளின் மின்வழி இரு கிளைகளாகப் பிரிவதால், ஒரு கிளையின் செய்தி மறுகிளையில் நலிந்துபோகும். அனைத்தினும் விசித்திரம், அணைந்திருந்த விளக்கைச் சிறிதளவே ஒளிரச் செய்ய விரும்பி மங்கற் பொத்தானை அழுத்தினால், அக்காலத்துச் சாதனம் முதலில் முழுப் பிரகாசத்தோடு எரிந்து, பிறகே மெல்லத் தணியும். படத்தின் நடுவே இதை அனுபவித்தவர்களின் மனநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை.

1987-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் வாஸ்னியாக் தம் புதிய கம்பெனியின் மூலம் வெளியிட்ட 'கோர்' என்னும் ரிமோட், பிற ரிமோட்டுகளின் குறிகளைக் கற்று, அவற்றை வரிசையாக அனுப்ப வல்லதாயிருந்தது; ஆனால் அதைப் பழக்குவதற்குச் சாதாரண மனிதரிடம் இருப்பதைவிட அதிகப் பொறுமை தேவைப்பட்டது. காரியத்தை எளிதாக்கியது சுவரில் நிகழ்ந்த திருத்தம்: டிம்மரின் முகத்திலேயே அகச்சிவப்புக் கண்ணைப் பொருத்தி லூட்ரான் முதலியோர் விற்கத் தொடங்கினர். உடனே விளக்கும் தொலைக்காட்சியைப் போல் ரிமோட்டின் குறிக்குப் பணியும் மற்றொரு பொருளாயிற்று. 'படம் பார்' என்று ஒரே பொத்தானை அமைத்தால், புரொஜெக்டர் விழிக்கவும், ஒலிபெருக்கி இயங்கவும், விளக்கு முன்பே நினைவில் வைத்த அளவுக்குச் சில விநாடிகளில் இறங்கவும் ஆயிற்று. நிறுத்தற் பொத்தானோடு விளக்கின் ஏற்றத்தையும் இணைத்துக்கொண்டவர்கள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகையில் தடுமாறவில்லை. மேஜைக்காரரின் வேலை ரசிகர் கைக்கு மாறியது இக்கட்டத்திலேதான். காரணம் விளக்கு மங்கக் கற்றதன்று, அது பிற கருவிகளின் பாஷையைப் பேசக் கற்றதே.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. பல நூறு வாட் இழைவிளக்குகளுக்கென வகுத்த டிம்மரில் எட்டு வாட் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால், அது துடிக்கும், சில வேளை முனகும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க மறுத்துச் சட்டென்று அணையும். ஆகவே அரைச்சுழற்சியின் தொடக்கத்துக்குப் பதிலாக முடிவை வெட்டும் புதுவகை டிம்மர்கள் சுவருக்கு வந்தன. 2012-இல் பிலிப்ஸ் ஹியூ பல்பு வெளியானபோது மங்கச் செய்யும் வேலை பல்புக்குள்ளேயே புகுந்து, ஆணை ரேடியோ அலையாக மாறிற்று. கைக்கருவியின் பக்கத்திலும் மாற்றம் நேர்ந்தது: பல கருவிகளை ஒருங்கே இயக்கும் யூனிவர்சல் ரிமோட்டுகளில் பெயர்பெற்ற ஹார்மனியின் உற்பத்தியை லாஜிடெக் 2021-இல் நிறுத்திவிட்டது.